எனக்குப் பதிலாகப் பட்டினி கிடந்தவர்

சில மாதங்களாக இந்தப் பக்கத்தில் என் கட்டுரை வரவில்லை. ஏன் என்று கேட்டு ஒருவர்கூட எழுதவில்லை என்பதைப் பத்திரிகை ஆசிரியர் எனக்கு ஆறுதலாகத் தெரிவித்தார். ஆகவே யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறேன். மருத்துவமனையில் கிடந்தேன். நோய், ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கியது. நோய்க்குக் காரணம், படித்த படிப்பு.

நான் ஜவ்வாது மலையில் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை நோய் வந்து சில வருடங்களாகின்றன. வயிறு எனக்கு முன்னால் வகுப்புக்குள் நுழையத் தொடங்கியபோதுதான் இடைவெளி விட்டு உண்ணாமல் இருக்கும் முறையைப் பற்றிப் படித்தேன். ஒரு நாளில் பதினாறு மணி நேரம் வாயைக் கட்ட வேண்டும். மிச்ச எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்ட சர்க்கரையில் கொஞ்சத்தைக் கல்லீரல் சேமித்து வைக்கும். அது தீர்ந்ததும் உடம்பு கொழுப்பை எடுத்து எரிக்கும். அந்தக் கொழுப்பிலிருந்து கல்லீரல் கீட்டோன் என்றொரு பொருளைச் செய்து மூளைக்கு அனுப்பும். மூளை அதையும் தின்று பிழைக்கும். எடை குறையும், இன்சுலின் நன்றாக வேலை செய்யும், ஞாபகம் கூர்மையாகும் என்றெல்லாம் புத்தகங்கள் சொல்லின. ஞாபகத்தைப் பற்றிய சான்று பெரும்பாலும் எலிகளிடமிருந்து வந்தது என்றும் அவற்றில் இருந்தது, பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில். சிறிய எழுத்துக்கு நான் கண்ணாடி போட வேண்டும். போடவில்லை.

காலைச் சிற்றுண்டியை நிறுத்தினேன். காலை மாத்திரையை நிறுத்தவில்லை. 'சாப்பாட்டுக்கு முன்' என்றுதான் மருத்துவர் எழுதியிருந்தார். நான் நண்பகலில் சாப்பிட்டால் காலை ஏழு மணி அதற்கு முன்தானே? வரலாற்று ஆசிரியனுக்குக் கால வரிசை முக்கியம்.

இரண்டாவது பாடவேளையில் கை லேசாக நடுங்கும். முதுகு வியர்க்கும். கரும்பலகை ஒரு மாதிரி பளிச்சென்று தெரியும். புத்தகங்கள் சொன்ன மூளைத் தெளிவு வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். பையன்கள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்ததையும் தெளிவின் கணக்கிலேயே சேர்த்தேன். "இன்னாங்க, மூஞ்சி வெளுத்துப் போய்க் கெடக்குது?" என்று என் மனைவி கனகா கேட்டபோது, கொழுப்பு எரிகிறது என்று விளக்கினேன். அவள் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். நாள் முழுவதும் சாப்பிட மறுக்கிற குழந்தைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள். வீட்டில் இன்னொன்றா என்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மலையில் மற்றவர்களுக்கு இதையெல்லாம் விளக்க முடியவில்லை. டீக்கடையில் டீ நீட்டினால், "வேணாம், விரதம்" என்று சொல்லிவிடுவது சுலபமாக இருந்தது.

"இன்னிக்கி இன்னா சார் விரதம்? கிருத்திகையா?"

"தெனமும்தான்."

அன்றிலிருந்து என் மதிப்பு ஏறியது. பெஞ்சில் எனக்கு இடம் விட்டார்கள். எதிரில் உட்கார்ந்து வடை தின்றவர்கள் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து தின்றார்கள். இத்தனை வருடம் பாடம் நடத்திக் கிடைக்காத மரியாதை, பாடமும் நடத்தாமல் சாப்பிடாமலும் இருந்தபோது கிடைத்தது. அதை மறுக்கிற அளவுக்கு நான் பெரிய மனிதன் அல்ல.

பள்ளிக்கு மேலே இருக்கிற சிற்றூரில் அண்ணாமலை என்று ஒருவர். சாமை போடுகிறார், புளி விற்கிறார். பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் எப்போதும் முதல் வரிசையில் இருப்பார். கிட்டத்தட்ட என் வயது. சாமைக் கதிர் முற்றுகிற நேரத்தில் அவர்கள் ஊர் அம்மன் திருவிழாவுக்கு என்னையும் கனகாவையும் கூப்பிட்டார். போனோம். 'விரத வாத்தியார் வந்துட்டாரு' என்று ஊரே சந்தோஷப்பட்டு, காலையிலேயே எனக்குக் காப்புக் கட்டிவிட்டது.

காப்பு என்பது மஞ்சள் துண்டு முடிந்த கயிறு. கையில் அது இருக்கும்வரை பொழுது சாய்ந்த பிறகு ஒரே வேளைதான் சோறு. இடையில் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக்கூடாது. பூசாரி அதைக் கட்டியபோது, பகல் பன்னிரண்டுக்கு எனக்குச் சாப்பாட்டு நேரம் என்று சொல்லியிருக்கலாம். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை நீட்டினேன். மாத்திரை ஏற்கெனவே வயிற்றுக்குள் போயிருந்தது.

இனி வருவது கனகா சொல்லித் தெரிந்தது. எனக்கு அந்தப் பிற்பகல் கிடையாது.

பொழுது மேற்கே திரும்பியபோது எனக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது. உடம்பு உதறியிருக்கிறது. கோயில் முன்னால், மேளத்துக்கு நடுவில், காப்புக் கட்டிய ஒரு விரதக்காரர் உதறினால் அதற்கு அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். கூட்டம் விலகி வழி விட்டது. பூசாரி என் நெற்றியில் திருநீறு பூசினார். காணாமல் போன தன் பசு கிடைக்குமா என்று ஒரு அம்மா என்னைக் கேட்டார்கள்.

நான் மூன்றாம் பானிபட் போரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். பிறகு ஒன்பதாம் வகுப்பு எல்லாரும் உட்காரச் சொல்லியிருக்கிறேன். சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இது எந்தப் பக்கத்து சாமி? பேச்சு ஒண்ணும் புரியலியே," என்று அந்த அம்மா கேட்க, கூட்டத்தைப் பிளந்துகொண்டு கனகா வந்திருக்கிறாள்.

"சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவரு மேல வர்றதுக்கு எந்த சாமிக்குங்க பொழுது கீது? சர்க்கர நோயாளிங்க இவரு. கொஞ்சம் வெல்லம் குடுங்க!"

அதற்குள் நான் தரையில் சாய்ந்திருந்தேன். வெல்லம் வந்தது. பூசாரி குறுக்கே கையை நீட்டினார்.

"காப்பு கீதும்மா கைல. வாயில வெக்கக் கூடாது."

"அப்ப அத அறுத்துடறேன். பாவம் எனக்கு வரட்டும்."

"ஒனக்கு வந்தா சரின்னு வுட்டுடலாமே. ஊருக்கில்ல வரும்." அவர் கோபமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார் என்கிறாள் கனகா. ஒரு மூச்சு விட்டுவிட்டு அவரே வழியும் சொல்லியிருக்கிறார். "அறுக்கத்தான் கூடாது. வேற கை யாராச்சும் குடுத்தா மாத்திக் கட்டலாம். ஆனா ஒண்ணு. இவரு நல்லா எழுந்து, தன் காலால நடந்து வந்து, தன் வாயால கட்டினவரப் பேரு சொல்லிக் கூப்புட்டு வாங்கிக்கிற வரிக்கும், அவரு ஒரு வேளதான் சாப்புடணும்."

தரையில் கிடந்த நான் எழுந்திருப்பேன் என்று அப்போது யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். அண்ணாமலை கையை நீட்டினார்.

"கட்டுங்க. பேச்ச வளக்காதீங்க."

பூசாரி என் கையிலிருந்து முடிச்சை அவிழ்த்து அவர் கையில் போட்ட அதே நேரம், கனகா வெல்லத்தைக் கரைத்து விரலால் என் கன்னத்தின் உள்பக்கம் தடவினாள். மயங்கினவன் வாயில் தண்ணீரை ஊற்றினால் புரையேறிவிடும் என்பது அவள் குழந்தைகளோடு கற்றது. அண்ணாமலையின் தம்பியுடைய ஜீப்பில் என்னைத் தூக்கிப் போட்டார்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏற்றியதும் கண்ணைத் திறந்தேன்.

கண்தான் திறந்தது. வலது கை தொங்கியது. வாயிலிருந்து வந்தது பேச்சு போல இருந்ததே தவிர பேச்சு இல்லை. பக்கவாதமாக இருக்கலாம் என்று பயந்து ஆம்புலன்ஸில் திருப்பத்தூருக்கு இறக்கினார்கள். மலைப்பாதையின் வளைவுகள் ஒவ்வொன்றிலும் கனகா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதைக் கேட்கிற நிலையில் நான் இல்லாமல் போனது இந்த நோயில் எனக்கு ஏற்பட்ட பெரிய நஷ்டங்களில் ஒன்று.

திருப்பத்தூர் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் இருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை, அடைப்பும் தெரியவில்லை. மருத்துவர் கனகாவிடம் கேட்டார்:

"சாப்பாடு ஒழுங்கா சாப்பிடுவாராம்மா?"

"பதினாறு மணி நேரம் சாப்புட மாட்டாருங்க. புஸ்தகத்துல போட்டிருக்குதாம்."

"மாத்திரை?"

"அத மட்டும் ஒரு நாளும் வுட்டதில்லீங்க."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அரைகுறை நினைவிலும் அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. பரீட்சைத் தாள் திருத்தும்போது நான் பார்க்கிற பார்வை.

பின்னர் நான் தெளிந்தபோது அவர் சொன்ன விளக்கத்தை, என்னைப் போல் மாத்திரையும் புத்தகமும் வைத்திருப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன். நான் சாப்பிட்டது கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற ரகம். சோறு வருகிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. இன்சுலின் வந்தால் ரத்தத்திலுள்ள சர்க்கரை இறங்கியே தீரும். மூளையோ அன்றாடங்காய்ச்சி. தனக்கென்று சர்க்கரையைச் சேர்த்து வைக்க அதற்கு இடம் இல்லை, ரத்தம் கொண்டுவருவதுதான் சாப்பாடு.

"அப்ப கீட்டோன்?" என்று கேட்டேன். படித்தவன் இல்லையா.

"சாதாரணப் பட்டினியில அது வரும் சார். ஆனா இன்சுலின் அதிகமா இருந்தா கொழுப்ப எரிக்க விடாது. உங்க மாத்திரை அரிசிப் பானையையும் காலி பண்ணிடுச்சு, அடுப்படியையும் பூட்டிடுச்சு."

உண்ணாமல் இருப்பதே தவறு என்று அவர் சொல்லவில்லை. மாத்திரை, இன்சுலின் இல்லாத ஆரோக்கியமானவர்களில் பலருக்கு எடை குறைகிறது, சர்க்கரை கட்டுப்படுகிறது. அளவாகச் சாப்பிட்டாலும் ஏறக்குறைய அதே பலன்தான் என்றார். என் போன்றவர்கள் மருத்துவரிடம் கேட்டு, மாத்திரையை மாற்றிக்கொண்ட பிறகே தொட வேண்டும். மூளைக்கு நல்லதா என்பதை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்களாம்.

"உங்க மூளைக்கு ஆகலைன்றது மட்டும் நிச்சயம்," என்றார்.

ஒரு ஊசியில் முடிகிற காரியமாகவும் இருக்கவில்லை. என் சிறுநீரகம் கொஞ்சம் மந்தமாம். ஆகவே மாத்திரை வெளியே போகாமல் உடம்புக்குள் தங்கிப் பணியாற்றியது. சர்க்கரையை ஏற்றுவார்கள், அது மீண்டும் சரியும். நர்ஸ் வந்து விரல் நுனியில் குத்திப் பார்ப்பார், சொட்டு மருந்தின் வேகத்தைக் கூட்டுவார், போவார். கனகா அந்தக் கருவியில் வரும் எண்ணைப் பார்ப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொள்வாள். எண் நல்லதாக இருந்தால் எனக்கு ஒரு இட்லி, மோசமாக இருந்தால் சர்க்கரை தொட்ட ஒரு இட்லி. மாதக்கணக்கில் சாப்பிடாமல் சேர்த்து வைத்த நேரத்தையெல்லாம் சாப்பிட்டே கழித்தேன்.

கை சீக்கிரம் சரியானது. சர்க்கரையும் நிலைக்கு வந்தது. சொற்கள் வரவில்லை.

மருத்துவர் பேனாவைக் காட்டி இது என்ன என்று கேட்டார். எனக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும். அதை வைத்துத்தான் குடும்பம் நடத்துகிறேன். "எழுதறது... அதான்... நீலமா..." என்று சுற்றிச் சுற்றி வந்தேன். கடிகாரத்தைக் காட்டினார். "பானிபட்" என்றேன். சீப்பையும் பானிபட் என்றேன். அறைக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை. ஊரைச் சிரிக்க வைப்பதாகச் சொல்லிக்கொள்கிறவன் சொன்னதற்கு ஒருவரும் சிரிக்காதபோது பயம் எப்படி இருக்கும் என்பதை அங்கே அறிந்தேன். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்க முடியாதவன் என்ன ஆசிரியன்? சொல்லில்லாதவன் என்ன எழுத்தாளன்? இதைக் கனகாவிடம் கேட்கக்கூடச் சொல் வேண்டும்.

"பெரும்பாலும் திரும்பி வந்துடும்," என்றார் மருத்துவர். "பொருளோட பேரு முன்னாடி வரும். ஆளுங்க பேரு கடைசியா வரலாம்." பெரும்பாலும் என்ற சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என்னிடம் இருந்த சொற்களில் அதுவும் ஒன்று.

ஒவ்வொரு நாள் சாயங்காலமும் கனகாவின் போன் அடிக்கும். அண்ணாமலை. அவருடைய ஒரு வேளைச் சோற்றுக்கு முன்னால் என் நிலவரம் கேட்பார். கனகா போனை ஸ்பீக்கரில் போடுவாள்.

"சார் இன்னிக்கி இன்னாம்மா சொன்னாரு?"

"தட்டுன்னாருண்ணே. செருப்புன்னாரு. தலகாணிய மட்டும் பூசணின்னாரு."

"பரவால்ல, ரெண்டும் குண்டாத்தான் கீது. அவசரப்படுத்தாதம்மா. நமக்கு ஒண்ணும் இல்ல. சாம அறுப்புக்குள்ள வந்தா போதும்."

அறுப்பு என்றதும்தான் எனக்கு உறைத்தது. பொழுது விடியக் காட்டில் இறங்கி, குனிந்து, அறுத்து, சுமந்து, ஒரே வேளை சாப்பாட்டில். நான் நாற்காலியில் உட்கார்ந்து, பகல் பன்னிரண்டுக்குச் சோறு காத்திருக்கும் நிச்சயத்தில் வாயைக் கட்டியதற்கு டீக்கடையில் இடம் விட்டார்கள். நான் குறைக்க நினைத்த எடையை அவர் குறைத்துக்கொண்டிருந்தார்.

தட்டுத் தடுமாறிக் கனகாவிடம் சொன்னேன்: அவரைச் சாப்பிடச் சொல், காட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்? அவள் அதை அப்படியே போனில் சொன்னாள்.

"யாரு பாக்கப் போறாங்கன்னு சாரா சொன்னாரு?"

"ஆமாண்ணே."

"அப்ப இன்னும் தேறலம்மா. நல்லாப் பாக்கச் சொல்லு டாக்டர."

அவர் வீட்டம்மா பின்னாலிருந்து, "இந்தாளு நல்லாத்தான் கீறான்னு சொல்லு. ஒரு வேள அரிசி மிச்சம்," என்று கத்தியது கேட்டது. நான் சிரித்தேன். மருத்துவமனைக்கு வந்த பிறகு முதல் சிரிப்பு. கனகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றாள். அவர்கள் அறையைத் தூசியில்லாமல் வைத்திருந்தார்கள்.

சொற்கள் பிறகு தினமும் வந்தன. மலையேறும் பஸ் மாதிரி, நேரம் சொல்லாமல், ஆனால் வந்தன. பேனா வந்த அன்று அதைப் பத்துப் பதினைந்து முறை சொல்லி நர்ஸின் பொறுமையைச் சோதித்தேன். ஆட்களின் பெயர்கள்தான் பிடி கொடுக்கவில்லை. வரும், இரண்டு நிமிடம் உட்காரும், எழுந்து போய்விடும். பில்லைக் கட்டிவிட்டுக் கிளம்பினோம். பில்லில் இருந்த பொருட்களின் பெயர்கள் அத்தனையும் எனக்குப் படிக்க வந்தன. சில நேரங்களில் மறதி எவ்வளவு நல்லது என்று தோன்றியது.

நேராக வீட்டுக்குப் போகவில்லை. அண்ணாமலையின் ஊருக்குத்தான் முதலில் போக வேண்டும் என்றேன். ஜீப்பில் வழியெல்லாம் கனகா பயிற்சி கொடுத்தாள்.

"யாரு காப்பு கட்டினவரு?"

"அண்ணாமலை."

"இன்னொரு வாட்டி."

"அண்ணாமலை. ஏண்டி, மாவட்டத்துக்கே பேரு. அதக்கூடவா மறப்பேன்?"

கோயில் முன்னால் பத்து இருபது பேர் நின்றிருந்தார்கள். மேளம் இல்லை. அண்ணாமலையைப் பார்த்தேன். கழுத்தெலும்பு தெரிந்தது. சட்டை யாருடையதோ போல் தொங்கியது. கையில் காப்பு கறுத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்து, நடந்து வந்துவிட்டீர்களே என்கிற மாதிரி தலையை ஆட்டினார். ஒரு ஓரமாக இலை போட்டுச் சாமைச் சோறும் குழம்பும் தயாராக இருந்தன. ஆவி பறந்தது. பகல் நேரம். அவர் இலையைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது தெரிந்தது.

"கூப்புடுங்க சார்," என்றார் பூசாரி.

வாயைத் திறந்தேன். இல்லை. ஜீப்பில் அத்தனை முறை சொன்ன பெயர் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஒரு மலை தெரிந்தது. அதன் உச்சியில் தீபம் தெரிந்தது. அதைச் சுற்றி ஜனங்கள் நடக்கிறார்கள். பெயர் மட்டும் இல்லை. கனகா உதட்டைக் கடித்துக்கொண்டாள். எடுத்துக் கொடுக்கக் கூடாது. வியர்த்தது. இந்த முறை சர்க்கரை காரணமில்லை. சோற்றின் ஆவி குறைந்துகொண்டே வந்தது.

"மெதுவா சார்," என்றார் அண்ணாமலை. "நேத்து வரிக்கும் இருந்தவனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா ஒண்ணும் ஆவாது." சொல்லும்போது அவர் வயிறு சத்தம் போட்டது. எல்லோருக்கும் கேட்டது.

அந்தச் சத்தத்தில் எனக்குள் என்னவோ அவிழ்ந்தது. நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

"மச்சான்," என்றேன். "போதும், குடு மச்சான்."

இந்த மலையில் இத்தனை வருடத்தில் என்னை எல்லோரும் சார் என்றுதான் அழைத்திருக்கிறார்கள். நானும் எல்லோரையும் பெயர் சொல்லியோ வாங்க போங்க என்றோ கூப்பிட்டிருக்கிறேன். ஒருவரையும் முறை வைத்துக் கூப்பிட்டதில்லை. அண்ணாமலை பூசாரியைப் பார்த்தார். பூசாரி அம்மனைப் பார்த்தார். அம்மன் யாரைப் பார்த்தாளோ.

"மொற வெச்சிட்டாரு," என்றார் பூசாரி கடைசியில். "பேரு ஊரு முழுக்கத்தான் கூப்புடும். இது போதும்."

முடிச்சை அவிழ்த்து ஒரு கணம் என் கையில் சுற்றி, எடுத்து, அம்மன் காலடியில் வைத்தார். இருவரையும் ஒன்றாக உட்காரச் சொன்னார்கள். இரண்டாவது இலை வந்தது.

"மச்சான்னு கூப்ட்டுட்டீங்க சார்," என்றார் அண்ணாமலை, சோற்றைப் பிசைந்தபடி. "கட்டிக் குடுக்க தங்கச்சி கிங்கச்சி கீதா?"

"இருக்காங்கண்ணே," என்றாள் கனகா. "பேரப்புள்ள எடுத்துட்டாங்க. பரவால்லியா?"

அவர் வீட்டம்மா கரண்டியை ஓங்கினார். கூட்டம் சிரித்தது. நான் முதல் கவளத்தை வாயில் வைத்தேன். மென்றுகொண்டிருக்கும்போது, தேடாமல், தானாக, முழுசாக வந்தது.

"அண்ணாமலை," என்றேன், வாய் நிறையச் சோற்றோடு.

"இன்னா மச்சான்?" என்றார் அவர், இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.